ஒரு மாத்திரைக்குள் எவ்வளவு கீரை?



சில மாதங்களாக எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. முருங்கை இலை மாத்திரை, கீரைச் சத்து மாத்திரை, மூலிகைச் சத்து மாத்திரை என்றெல்லாம் கடைகளில் விற்கிறார்களே, கீழ்வேளூர்ப் பகுதியில் இரத்தசோகையால் வாடும் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் இவற்றை வாங்கிக் கொடுக்க எங்கள் காணிக்கையை அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். ஒரு பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கேள்வியோடு நிறுத்தாமல், ஒரு பெட்டி நிறைய மாத்திரைப் புட்டிகளையே அனுப்பியிருந்தார்கள். அந்த அன்புக்கு நன்றி. ஒற்றை வரியில் பதில் எழுதிவிடலாம்தான். ஆனால் காணிக்கைப் பெட்டியில் விழும் காசு பலருடைய வயிற்றைக் கட்டி வந்த காசு. அதை எதற்குச் செலவழிக்கிறோம், எதற்குச் செலவழிக்க மறுக்கிறோம் என்பதை விவரமாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆகவே மருத்துவர்களோடும் மருந்தாளுநரோடும் உட்கார்ந்து பேசி அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

கீழ்வேளூரை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நாகப்பட்டினத்துக்கு மேற்கே, திருவாரூர் போகும் சாலையிலும் இருப்புப்பாதையிலும் அமைந்த ஊர் இது. காவிரி நீர் கல்லணையைத் தாண்டி, வெண்ணாறும் அதன் கிளைகளுமாகப் பிரிந்து, கடைசியில் எட்டிப் பார்க்கும் கடைமடைப் பகுதி. இங்கே எல்லாம் நெல்தான். நாற்றுப் பறிப்பதும், நடவு நடுவதும், களை எடுப்பதும் பெரும்பாலும் பெண்கள். சேற்றில் வெறுங்காலோடு நிற்கும் அவர்களுடைய பாதத்தின் வழியே கொக்கிப்புழு உடம்பில் ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். சோறு நிறைய, குழம்பு கொஞ்சம், கீரையும் முட்டையும் எப்போதாவது என்றிருக்கும் சாப்பாட்டில் இழந்த இரத்தத்தை ஈடுகட்டப் போதிய சத்து இல்லை. இதோடு அடுத்தடுத்த பிரசவங்களும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 57.4 சதவீதம். பாதிக்கு மேல் என்று வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பிவிட வேண்டாம். பிரசவத்தில் சாதாரணமாக ஏற்படும் இரத்தப்போக்கைக்கூடத் தாங்க முடியாத தாய்மார் இந்த எண்ணுக்குள்தான் இருக்கிறார்கள்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2018-ல் தொடங்கிய 'இரத்தசோகை இல்லா பாரதம்' திட்டத்தின்படி ஒரு கர்ப்பிணிக்கு நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒரு சிவப்பு மாத்திரை வீதம் 180 நாட்களும், பிரசவத்துக்குப் பின் மேலும் 180 நாட்களும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மாத்திரையிலும் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. ஆனால் கிடைப்பது வேறு, சாப்பிடுவது வேறு. இந்த மாத்திரை சாப்பிட்டால் சிலருக்குக் குமட்டல் வரும், மலச்சிக்கல் வரும், மலம் கறுத்துப் போகும். மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்ற பேச்சும் கிராமங்களில் உண்டு. ஆகவே மாத்திரை அட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் போய்விடுகிறது. இந்த இடத்தில்தான் "இது மூலிகை, பக்கவிளைவு இல்லை, இயற்கை" என்று ஒரு புட்டி வந்து நிற்கிறது. தாய்மாருக்கு அது ஆறுதலாக இருக்கிறது. உதவ நினைக்கும் உங்களுக்கும் ஆறுதலாக இருக்கிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது என்பது எங்கள் மருத்துவர்களின் கவலை.

முருங்கையைக் குறைத்துப் பேச நாங்கள் வரவில்லை. தாவரவியலார் அதற்கு வைத்த மொரிங்கா என்ற பெயரே நம் பக்கத்துச் சொல்லிலிருந்து போனதுதான். 1989-90 வாக்கில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வெளியான பி.கே.எம்.-1 என்ற செடிமுருங்கை இரகத்தின் விதை இன்று ஆப்பிரிக்கா வரைக்கும் போயிருக்கிறது. திருச்சபைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1990-களின் பிற்பகுதியில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில், சர்ச் வேர்ல்டு சர்வீஸ் என்ற திருச்சபைகளின் உதவி அமைப்பைச் சேர்ந்த லோவெல் ஃபுக்லி என்பவர், சத்துக்குறைவால் வாடிய தாய்மாரும் குழந்தைகளும் முருங்கை இலைப்பொடியை உணவில் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு முயற்சியை நடத்தினார். 1999-ல் வெளியான அவருடைய நூலுக்குப் பிறகே உலகம் முருங்கையை 'அதிசய மரம்' என்று அழைக்கத் தொடங்கியது. அங்கே அவர்கள் கொடுத்தது மாத்திரை அல்ல என்பதை மட்டும் கவனியுங்கள். பொடியைக் கரண்டியால் அள்ளி, சோற்றோடு உண்ணும் குழம்பில் கலந்தார்கள்.

அந்த நூலின் பட்டியலிலிருந்து புறப்பட்ட எண்கள்தான் இன்று புட்டிகளின் மேல் அச்சாகின்றன. ஆரஞ்சைவிட ஏழு மடங்கு வைட்டமின் சி என்று ஒரு வாசகம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். அது பச்சை இலைக்குப் போட்ட கணக்கு. அதே பட்டியலில் 100 கிராம் பச்சை இலைக்கு 220 மி.கி. வைட்டமின் சி என்றும், 100 கிராம் உலர்ந்த பொடிக்கு 17 மி.கி. சொச்சம் என்றும் இருக்கிறது. உலர்த்தும்போது தண்ணீர் போய் மற்றச் சத்துகள் செறிவடைய, இது மட்டும் காற்றோடு போய்விடுகிறது. புட்டியில் இருப்பதோ உலர்ந்த பொடி.

இனி இரும்புக் கணக்குக்கு வருவோம். இதை ஒரு தாளை எடுத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம். 100 கிராம் முருங்கை இலைப்பொடியில் ஏறத்தாழ 28 மி.கி. இரும்பு என்பது பரவலாக எடுத்தாளப்படும் அளவு. கடையில் விற்கும் மாத்திரை பெரும்பாலும் 500 மி.கி., அதாவது அரை கிராம். அதில் வேறெதுவும் சேர்க்காமல் முழுக்க முழுக்க இலையே இருந்தாலும் அதிலுள்ள இரும்பு 0.14 மி.கி.தான். சுகாதார நிலையத்தின் ஒரு சிவப்பு மாத்திரையில் இருப்பது 60 மி.கி. அந்த அளவு இரும்பு வேண்டுமானால் ஒரு தாய் நாள் ஒன்றுக்கு நானூறுக்கும் மேற்பட்ட முருங்கை மாத்திரைகளை விழுங்க வேண்டும். இரண்டையும் சமமாக நினைத்து ஒருத்தி சிவப்பு மாத்திரையை நிறுத்திவிட்டால், அவள் ஏழாம் மாதத்தில் எந்த நிலையில் எங்கள் வாசலுக்கு வருவாள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த 28 என்ற எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. பச்சை முருங்கை இலையில் 100 கிராமுக்கு 7 மி.கி. இரும்பு என்று நம் நாட்டுப் பழைய உணவுப் பட்டியல்கள் சொல்லின. பின்னால் திருத்திய பதிப்பில் அது 1 மி.கி.க்கும் கீழே இறங்கியது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட புதிய அட்டவணையில் நாலரை மி.கி. என்று வந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. மண் வேறு, பருவம் வேறு, இளந்தளிரா முற்றிய இலையா என்பது வேறு, கழுவியதா தூசியோடு அரைத்ததா என்பது வேறு, சோதித்த முறையும் வேறு. இலையில் ஒட்டிய மண்ணிலும் இரும்பு உண்டு. அரைக்கும் இயந்திரத்தின் தேய்மானத்திலும் இரும்பு உண்டு. செடி கடவுள் படைத்தபடி இருக்கிறது. அது ஒரே அளவாக இருக்கவேண்டும் என்று நாம்தான் எதிர்பார்க்கிறோம், ஏனென்றால் அளவு தெரியாத ஒன்றை நோயாளிக்கு 'காலை ஒன்று, மாலை ஒன்று' என்று எழுதிக் கொடுக்க முடியாது.

இதைத்தான் தரப்படுத்துதல் என்கிறார்கள். இது ஏதோ இந்தக் காலத்து ஆய்வுக்கூடம் கண்டுபிடித்த விஷயம் அல்ல. யாத்திராகமம் 30-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். பரிசுத்த அபிஷேக தைலத்துக்கு வெள்ளைப்போளம் 500 சேக்கல், கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, ஒலிவ எண்ணெய் ஒரு ஹின் என்று ஒவ்வொன்றுக்கும் அளவு சொல்லியிருக்கிறது. அதோடு, எந்தச் சேக்கல் என்பதும் சொல்லியிருக்கிறது: பரிசுத்த ஸ்தலத்தின் சேக்கல். கடைத்தெருவில் ஆளுக்கொரு படிக்கல் வைத்திருந்த காலத்தில், எல்லாரும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு மூலப் படிக்கல் அது. இன்றைய மருந்து ஆய்வுக்கூடத்தில் அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் 'ஒப்பீட்டுப் பொருள்' செய்யும் வேலையும் அதுதான்.

ஒரு செடி மாத்திரையாக மாறுவதற்குள் எத்தனை இடங்களில் அளவு தவறலாம் என்று மருந்தாளுநர் எங்களுக்கு விளக்கினார். முதல் இடம் செடியே. முருங்கையில் ஆள்மாறாட்டம் குறைவு. ஆனால் கீழாநெல்லி என்று தென்னிந்தியச் சந்தைகளில் விற்கும் மூட்டைகளை மரபணு முறையில் சோதித்தபோது, ஒரே குடும்பத்தின் வெவ்வேறு இனங்கள் அதில் கலந்திருப்பது தெரியவந்தது. சில செடிகளில் எந்தப் பாகம் என்பதும் கேள்வி. அமுக்கராவில் கிழங்குதான் மருந்து. விலை குறைவு என்று இலையைச் சேர்ப்பதைத் தவிர்க்கும்படி ஆயுஷ் அமைச்சகம் 2021-ல் அறிவுறுத்த வேண்டி வந்தது. ஆகவே முறையான தயாரிப்பாளர் தான் பயன்படுத்தும் செடியின் ஒரு கிளையைப் பூவும் காயுமாக அழுத்தி உலர்த்தி, தாவரவியலாரிடம் காட்டி, பெயரெழுதிப் பாதுகாத்து வைப்பார்.

இந்த வேலைக்கு எங்கள் பக்கத்தில் பழைய முன்னோடிகள் உண்டு. இங்கிருந்து வடக்கே கடலோரமாகப் போனால் தரங்கம்பாடி. 1706-ல் சீகன்பால்கு ஐயர் வந்திறங்கிய இடம். அவருடைய உடன் ஊழியரான கிருண்ட்லர் 1711-லேயே தமிழ் வைத்தியர்களின் மருத்துவ முறையை ஜெர்மன் மொழியில் எழுதிவைத்தார். 1768-ல் மிஷன் மருத்துவராக வந்த கோனிக், செடிகளுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர். அவருக்குப் பின் ரொட்லர் ஐயர் அழுத்தி உலர்த்திச் சேர்த்த செடிகள் இன்றும் இலண்டனுக்கு அருகே கியூ தாவரத் தோட்டத்தில் இருக்கின்றன. எந்த ஊர்ச் செடிக்கு எந்தப் பெயர் என்று சண்டையில்லாமல் தீர்க்க அப்படிப்பட்ட தாள்களைத்தான் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். வேதாகமத்தோடு நுண்பெருக்கிக் கண்ணாடியையும் சுமந்து நடந்த அந்த மனிதர்களைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம், இப்போது இடமில்லை.

செடி சரி என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது உலர்த்துதல். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும். ஆனால் கண்ணுக்கு வேண்டிய கரோட்டின் சத்து வெளிச்சத்தில் அழியும். நிழலில் காயப்போட வேண்டும். எங்கள் பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில் நிழலில் இலை காய்வது நடக்கிற காரியமா? ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். அதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் சூட்டைக் கட்டுப்படுத்தும் உலர்த்தி அறை வைத்திருக்கிறார்கள்; பொடியில் எத்தனை சதவீதம் ஈரம் மிஞ்சியிருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் அளக்கிறார்கள்.

இனிச் சொல்லப்போவது சற்று நிதானமாக வாசிக்கவேண்டிய இடம். பொடி என்பது வேறு, சாறு அல்லது 'எக்ஸ்ட்ராக்ட்' என்பது வேறு. எக்ஸ்ட்ராக்ட் என்றால் ஃபில்டரில் இறக்கும் காப்பி டிகாக்‌ஷன் மாதிரி. தண்ணீரிலோ சாராயத்திலோ இலையை ஊறவைத்து, வடித்து, வற்றவைத்துப் பொடியாக்குகிறார்கள். ஐந்து கிலோ இலையிலிருந்து ஒரு கிலோ கிடைத்தால் 5:1 என்று எழுதுவார்கள். கேட்பதற்கு ஐந்து மடங்கு சத்து போலத் தோன்றும். ஆனால் ஃபில்டரில் மணமும் கசப்பும் கீழே இறங்க, சக்கை மேலே நிற்கிறது அல்லவா? அதுபோலச் சாராயத்தில் வடிக்கும்போது குவெர்செட்டின் போன்ற சேர்மங்கள் இறங்கிவிடும். புரதமும் இரும்பும் பெரும்பாலும் சக்கையில் தங்கிவிடும். எந்தச் சத்துக்காக நாம் முருங்கையைத் தேடினோமோ அதைக் குப்பையில் கொட்டிவிட்டு, மீதியைச் செறிவாக்கி விற்பதாக அது முடியலாம். தரப்படுத்தியது என்று புட்டியில் எழுதியிருப்பது உண்மையாகவே இருக்கும். ஒவ்வொரு மாத்திரையிலும் குவெர்செட்டின் இத்தனை சதவீதம் என்று துல்லியமாகவே இருக்கும். அது இரும்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எதற்குத் தரப்படுத்தினார்கள் என்று கேட்காமல், தரப்படுத்தியது என்ற சொல்லுக்கு மயங்கிவிடக் கூடாது. போதாக்குறைக்கு, தேயிலையிலும் காப்பியிலும் உள்ளவை போன்ற துவர்ப்புச் சேர்மங்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கக்கூடியவை. அப்படிப்பட்ட செறிவான சாற்று மாத்திரையைச் சிவப்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் உள்ளதும் குறையலாம்.

மாத்திரை செய்வது ஒரு தனித் தொழில்நுட்பம். இலைப்பொடி தானாக ஒட்டாது. அதற்கு மாவுப்பசை வேண்டும். வயிற்றில் போய் உடைவதற்கு ஒன்று, அச்சில் ஒட்டாமல் இருக்க ஒன்று என்று சேர்ப்பார்கள். இவையும் அந்த 500 மி.கி.க்குள்தான். அச்சிட்ட பின் 20 மாத்திரைகளை எடுத்துத் தனித்தனியே நிறுப்பார்கள். இந்திய மருந்துநூலின்படி இந்த எடையுள்ள மாத்திரை சராசரியைவிட 5 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. இரண்டு மாத்திரைகளுக்கு மட்டும் சற்று விலக்கு உண்டு. ஒரு உருளையில் போட்டு நூறு சுற்றுச் சுற்றி, ஒரு சதவீதத்துக்கு மேல் உதிராமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மேல்பூச்சு இல்லாத மாத்திரை 37 டிகிரி தண்ணீரில் 15 நிமிடத்துக்குள் உடைய வேண்டும். உடையாவிட்டால் போன வழியே போய்விடும். சரி, எடை சமம் என்பதால் சத்தும் சமமா? இல்லை. அதற்கு வேறு சோதனை. எச்.பி.டி.எல்.சி. என்ற முறையில் ஒரு தட்டின்மேல் சாற்றைத் தீற்றி ஓடவிட்டால், ஒவ்வொரு செடிக்கும் ஒரு கைரேகை போலக் கோடுகள் விழும். இந்த மாதச் சரக்கின் ரேகையும் போன மாதச் சரக்கின் ரேகையும் ஒத்துப்போக வேண்டும். பிறகு 40 டிகிரி வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைத்துப் பார்ப்பார்கள். அது ஏறக்குறைய நம்மூர்ச் சித்திரையையும் ஐப்பசியையும் ஒரே அறையில் அடைத்துவைத்த மாதிரி.

சுத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூலிகைச் சரக்கில் காரீயம் பத்து இலட்சத்தில் 10 பங்கு, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்பவை நம் நாட்டு மருந்துநூல்களின் உச்சவரம்பு. நெடுஞ்சாலை ஓரத்து மரத்தின் இலையையும், பூச்சிமருந்து அடித்த வயலை ஒட்டிய மரத்தின் இலையையும் பொடியாக்கினால் இந்த வரம்பைப் பற்றியும் பூச்சிமருந்து எச்சத்தைப் பற்றியும் கவலைப்படத்தான் வேண்டும். கிருமி இன்னொரு பக்கம். சமைத்த கீரை கொதித்து வருகிறது. மாத்திரையில் உள்ள இலை கொதிப்பதே இல்லை. 2025-ல் அமெரிக்காவில் முருங்கை இலைப்பொடி சேர்ந்த சத்துப்பொடிகளைச் சாப்பிட்ட சிலருக்கு சால்மொனெல்லா நோய் கண்டது. விசாரித்துப் போனபோது அந்த இலைப்பொடி இந்தியாவிலிருந்து சென்றது என்று தெரிந்தது. பெரியவர்களுக்கே அப்படியானால், எடை குறைந்த இரண்டு வயதுப் பிள்ளையின் நிலையை யோசியுங்கள்.

சட்டம் இதையெல்லாம் கவனிக்கிறதா என்றால், கவனிக்கிறது, இரண்டு கதவுகள் வழியாக. சித்த மருந்தாக விற்பதானால் 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டப்படி உரிமம் வேண்டும். 1944 முதல் சென்னையில் இயங்கும் இம்ப்காப்ஸ் கூட்டுறவு மருந்தகமும், 1983-ல் தொடங்கிய அரசின் டாம்ப்கால் நிறுவனமும் இந்த வழியில் மருந்து செய்பவை. சத்துணவாக விற்பதானால் அது உணவுப் பாதுகாப்புத் துறையின் கீழ் வரும். 2016-ல் வெளியாகி 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்று புட்டியில் அச்சிட வேண்டும். எந்த நோயையும் குணமாக்கும் என்று சொல்லக் கூடாது. ஆகவே 14 இலக்க உணவு உரிம எண்ணை ஒரு பக்கம் போட்டுக்கொண்டு, மறுபக்கம் இரத்தசோகையைப் போக்கும் என்று எழுதியிருந்தால், அந்தப் புட்டியை அப்போதே கீழே வைத்துவிடுங்கள்.

நம் பழைய வைத்தியர்கள் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள் என்பது எங்கள் எண்ணம். வெளுப்பு நோய்க்கு, பாண்டு என்று சொல்வதற்கு, சித்த வைத்தியம் கீரையோடு நின்றுவிடவில்லை. அன்னபேதியைச் சுத்திசெய்து செந்தூரமாக்கிக் கொடுத்தது. அன்னபேதி என்பது என்ன? ஃபெரஸ் சல்ஃபேட். சுகாதார நிலையத்தின் சிவப்பு மாத்திரையில் உள்ளதும் அதே உப்புதான். ஆக, இங்கிலீஷ் மருந்து, நாட்டு மருந்து என்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்க, இரண்டு பேரும் ஒரே கல்லிலிருந்து இரும்பை எடுத்திருக்கிறார்கள்.

இலையே பயனற்றது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2017-ஆம் ஆண்டு அட்டவணைப்படி 100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் 6 கிராமுக்கு மேல் புரதமும், 300 மி.கி.க்கு மேல் சுண்ணாம்புச் சத்தும், ஏராளமான கரோட்டினும் உள்ளன. இதில் பாதியை, இரண்டு கைப்பிடியை, கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கிச் சாப்பிட்டால் கிடைப்பது, பதினைந்து இருபது மாத்திரை விழுங்கினாலும் கிடைக்காது. உணவை உணவாகக் கொடுப்பதன் அருமையை நம் மாநிலத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். சென்னையிலுள்ள முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையம், சி.வி. சேஷாத்ரி அவர்களின் தலைமையில், ஸ்பைருலினா என்ற சுருள்பாசியை 1990-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 5,000 சிறுபிள்ளைகளுக்குக் கொடுத்து, வைட்டமின் ஏ குறைவால் கண்ணில் விழும் புள்ளிகள் குறைவதைக் கண்டது. பிள்ளைகளிடம் மாத்திரையை நீட்டவில்லை. இனிப்புப் பண்டமாக ஆக்கிக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு பாசி என்பது மட்டும் நிறுத்து வைத்த அளவு.

எனவே எங்கள் மருத்துவர்களின் முடிவு இது. முருங்கை மாத்திரை வாங்குவதற்காக என்று குறிப்பிட்டு வரும் காணிக்கையை, அனுப்பியவரின் சம்மதத்தை எழுதிக் கேட்டு, வேறு மூன்று காரியங்களுக்குப் பயன்படுத்துவோம். முதலாவது, வீடு வீடாகப் போகும் எங்கள் சகோதரிகளின் வேலை. சிவப்பு மாத்திரையை ஏன் நிறுத்தினாய் என்று அதட்டாமல், இராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பார், ஒரு துண்டு எலுமிச்சம்பழம் சேர்த்துக்கொள், காப்பி தேத்தண்ணி மட்டும் ஒரு மணி நேரம் கழித்துக் குடி, மலம் கறுத்தால் பயப்படாதே, பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை என்று உட்கார்ந்து சொல்லுகிற வேலை. இரண்டாவது, பூச்சிமருந்தும் காலுக்குச் செருப்பும். ஓட்டைப் பானையில் எவ்வளவு ஊற்றியும் பயனில்லை. மூன்றாவது, வீட்டுக்கு ஒரு முருங்கை.

இந்த மூன்றாவதில் எங்கள் மண் கொஞ்சம் வம்பு செய்யும். முருங்கைக்குத் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். கடைமடைக் களிமண்ணில் தேங்காத இடம் ஏது? தமிழக அரசு 2021-ல் அறிவித்த முருங்கை ஏற்றுமதி மண்டலத்தில் தேனி, திண்டுக்கல், கரூர், தூத்துக்குடி எல்லாம் இருக்கின்றன, நாகை இல்லை. ஆனாலும் கொல்லையில் ஒரு முழ உயரத்துக்கு மேடு கட்டி நட்டால் பிழைத்துக்கொள்ளும். காற்றுக்குத்தான் பயம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலுக்குப் பிறகு, முறிந்து கிடந்த முருங்கைகளிலிருந்தே போத்து வெட்டி நட்டுத் துளிர்க்கவைத்த வீடுகள் உண்டு. முருங்கையை ஒடித்து வளர்க்கச் சொன்ன பழமொழி மெய்தான். பிள்ளையைப் பற்றி அதே பழமொழி சொல்லும் மற்றப் பாதியை மட்டும் எங்கள் குழந்தைகள் வார்டில் நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. உயரவிடாமல் இடுப்பளவில் ஒடித்துக்கொண்டே வந்தால் காய் குறைவாகவும் கீரை கைக்கெட்டும் உயரத்திலும் கிடைக்கும்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே புட்டி இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். அதன் மேல் செடியின் பெயரும், இலையா வேரா என்பதும், பொடியா சாறா என்பதும், ஒரு மாத்திரையில் எத்தனை மி.கி. என்பதும், தொகுதி எண்ணும், காலாவதித் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று விடுபட்டிருந்தாலும் எங்களுக்கு அனுப்பாதீர்கள். எங்கள் மருந்தகம் அதை வாங்கி வைக்க இயலாது. சர்க்கரை நோய்க்கோ தைராய்டுக்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள் எந்த மூலிகை மாத்திரையையும் தொடங்கும் முன் தங்கள் மருத்துவரிடம் புட்டியையே கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. கர்ப்பிணிகள் முருங்கை வேர், பட்டை சேர்ந்த எதையும் தொடக் கூடாது. கீரை சமைத்துச் சாப்பிடலாம். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் அனுப்பிய புட்டிகளில் இலைப்பொடி என்று தெளிவாக எழுதியிருந்தவற்றை மருந்தாளுநர் தனியே எடுத்து வைத்திருக்கிறார். மீதியைத் திருப்பி அனுப்புகிறோம். தபால் செலவு எங்களுடையது.